உப்புத்தண்ணீர் வாளியும் ஆர்க்டிக் கணக்கும்

திருகோணமலையின் டச்சுபேயில் கடல்நீரின் வெப்பநிலை 26 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு துருவக் கடற்பனியைப் பற்றி என்ன செய்துபார்க்க முடியும்? செயற்கைக்கோள் பதிவுகளை இறக்கி வரைபு கீறிப் பார்க்கலாம். பனி எப்படித் தடிக்கிறது என்பதற்கு ஒரு சின்ன மாதிரியுரு எழுதலாம். அந்த மாதிரியுரு சொல்வது சரியா என்று பார்க்க ஒரு வாளி கடல்நீரை உறையவைக்கலாம். நான் திருகோணமலையில் உயர்தரப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறவன். வகுப்புப் பிள்ளைகள் சிலருடன் சேர்ந்து மூன்றையும் செய்தோம். கூடுதலாகச் சொல்லித்தந்தது வாளிதான். அதனால் இந்தப் பதிவிலும் அதற்கே இடம் அதிகம்.

முதலில் டேட்டா. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரில் உள்ள தேசியப் பனித் தரவு மையம், மாதவாரியான கடற்பனி எண்களை இலவசமாகத் தருகிறது. மாதத்துக்கு ஒரு சிஎஸ்வி கோப்பு. சில கிலோபைட்தான், போனிலேயே இறக்கிவிடலாம். தொடர்ச்சியான பதிவு 1978 நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முந்திய மாதம் மேலே போன நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் இருந்த நுண்ணலைக் கருவிதான் அதற்குக் காரணம். நுண்ணலை ஏன் என்றால், துருவத்தில் மாதக்கணக்கில் இருட்டு, மிச்ச நாளில் முக்கால்வாசி முகில். சாதாரணக் கமராவுக்கு அங்கே வேலை இல்லை. நுண்ணலைக்கு இருட்டும் முகிலும் பெரிய தடை இல்லை. திறந்த கடலைவிடக் கடற்பனி கூடுதலாக நுண்ணலையை வெளிவிடும். அந்த வித்தியாசத்தை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கு எத்தனை பங்கு பனி என்று கணக்கிடுகிறார்கள்.

கட்டம் ஒன்றின் பக்கம் 25 கிலோமீற்றர். இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த நம்முடைய வரைபடத்தின் மேல் ஒரு கட்டத்தைப் போட்டோம். திருகோணமலை நகரம், உள்துறைமுகம், கிண்ணியா, கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் மூதூர், எல்லாமே அந்த ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிட்டன. அதாவது இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே ஒரு எண். பாதி தரை, பாதி கடல் உள்ள கட்டத்தில் தரையின் நுண்ணலையும் சேர்ந்து வரும் என்பதால், கரையோரத்தில் இல்லாத பனி இருப்பதுபோலத் தெரியக்கூடும். அதைக் கழிக்கத் தனியாக ஒரு திருத்தம் போடுகிறார்கள். இன்னொன்று, கோடையில் பனியின் மேல் உருகித் தேங்கும் குட்டைகள். அவற்றைக் கருவி திறந்த கடல் என்றே எடுத்துக்கொள்ளும்.

கோப்பில் இரண்டு நிரல்கள் உண்டு. ஒன்றைப் பரவல் என்று வைத்துக்கொள்வோம், மற்றதைப் பரப்பு. ஒரு கட்டத்தில் பனி 15 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அந்தக் கட்டம் முழுவதையும் எண்ணிக்கொள்வது பரவல். உள்ள சதவீதத்துக்கு ஏற்றபடி மட்டும் எண்ணுவது பரப்பு. இரண்டாவதுதானே சரியானது என்று எவருக்கும் தோன்றும். வகுப்பிலும் அப்படித்தான் தோன்றியது. அதனால் பரப்பை முதலில் வரைந்தோம்.

வரைந்த கையோடு ஒருத்தி கேட்டாள்: "சேர், 1987ல ஒரேயடியா ஏறுதே, அந்த வருசம் அவ்வளவு குளிரா?" குளிர் இல்லை. செயற்கைக்கோள் மாறிய வருடம் அது. இந்தச் செயற்கைக்கோள்கள் துருவப் புள்ளிக்கு நேர்மேலால் போவதில்லை. அதனால் துருவத்தைச் சுற்றி ஒரு வட்டம் பார்க்கப்படாமலே கிடக்கும். நிம்பஸ்-7 காலத்தில் அந்த வட்டம் 84.5 பாகை அகலாங்கில் தொடங்கியது, சுமார் 11.9 இலட்சம் சதுர கிலோமீற்றர். 1987இல் வந்த அடுத்த கருவிக்கு அது 3.1 இலட்சமாகச் சுருங்கியது. 2008இல் இருந்து முப்பதாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. பரப்புக் கணக்கில் இந்த வட்டத்தைச் சேர்ப்பதில்லை, ஆகவே வட்டம் சுருங்கும்போதெல்லாம் பனி கூடியதுபோல ஒரு படி விழும். பரவல் கணக்கில் வட்டம் முழுக்கப் பனி என்றே எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் படி இல்லை. நீண்ட காலப் போக்கைப் பார்க்கிறவர்கள் பரவலையே பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். 1987 டிசம்பருக்கும் 1988 ஜனவரிக்கும் −9999 என்று இருக்கும். கருவி வேலைசெய்யாத வாரங்கள் அவை. வரைவதற்கு முன் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வரைபு பாதாளத்துக்குப் போய் வரும்.

இவ்வளவையும் சரிபண்ணிய பிறகு செப்டெம்பர் வரைபு தெளிவாக வந்தது. ஆர்க்டிக்கில் பனி ஆகக் குறைவாக இருக்கும் மாதம் செப்டெம்பர்தான். 1979இல் அந்த மாதச் சராசரி ஏறத்தாழ 70 இலட்சம் சதுர கிலோமீற்றர். 2012இல் 36 இலட்சத்துக்குக் கிட்ட, இதுவரை ஆகக் குறைந்தது அதுதான். நேர்கோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தால் சராசரியாக வருடத்துக்கு எழுபத்தைந்தாயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேல் குறைகிறது. இலங்கையின் மொத்தப் பரப்பே 65,610 சதுர கிலோமீற்றர்தான். ஆனால் 2007க்குப் பிறகுள்ள புள்ளிகளை மட்டும் தனியாகப் பார்த்தால் கோடு கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கிறது. "அப்ப நிண்டுட்டுதா சேர்?" என்ற கேள்வி உடனே வந்தது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் பனி வளரும் விதத்தைப் பார்க்கவேண்டி இருந்தது.

பனி தடிப்பதற்கான சூத்திரம் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பழக்கமானதுதான். வியன்னாவில் இருந்த யோசெப் ஸ்டெபான், துருவப் பயணிகள் அளந்துவந்த எண்களை வைத்து 1890 வாக்கில் செய்த கணக்கு அது. அடியில் நீர் உறையும்போது விடும் மறை வெப்பம், பனியின் ஊடாக மேலே கடந்து காற்றுக்குப் போகவேண்டும். பனி தடிக்கத் தடிக்க வெப்பம் போகும் பாதை நீளும், வளர்ச்சி மெதுவாகும். வெப்பக் கடத்தாறு 2.2, அடர்த்தி 917, மறை வெப்பம் கிலோவுக்கு 334 கிலோயூல் என்று போட்டால், தடிப்பு சென்ரிமீற்றரில் 3.5 பெருக்கல் குளிர்நாட்களின் வர்க்கமூலம் என்று வரும். குளிர்நாள் என்பது உறைநிலையைவிட எத்தனை பாகை குறைவோ அதை நாட்களால் பெருக்கியது. உறைநிலையைவிட 20 பாகை குறைவாக 100 நாள் என்றால் குளிர்நாள் 2000, பனி 157 சென்ரிமீற்றர். உப்பு சேர்ந்த பனிக்கு மறை வெப்பம் இதைவிடக் கொஞ்சம் குறைவு. பரும்படிக் கணக்குக்கு அது பரவாயில்லை.

இந்த 157ஐ எதோடு ஒப்பிடுவது? லெபெதெவ் என்ற சோவியத் ஆய்வாளர் ஆர்க்டிக் கரையோர நிலையங்களில் அளந்ததை வைத்து 1938இல் ஒரு அனுபவச் சூத்திரம் வெளியிட்டார். 1.33 பெருக்கல் குளிர்நாட்களின் 0.58ஆம் அடுக்கு. 2000க்கு அது 109 சென்ரிமீற்றர் தருகிறது. கிட்டத்தட்ட அரை மீற்றர் வித்தியாசம். அது எங்கே போனது என்று தேடத்தான் வாளி.

மீன் வாடி வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் பழைய டீப் ஃபிரீசர் ஒன்று சும்மா கிடந்தது. −18 வரை இறங்கும். இருபது லீற்றர் வாளி ஒன்றைச் சுற்றியும் அடியிலும் ரெஜிபோம் தகடு ஒட்டினோம், குளிர் மேலால் மட்டும் வரவேண்டும் என்பதற்காக. துருவத்தில் கடலுக்குப் பக்கச்சுவரா இருக்கிறது! நீர் டச்சுபேயில் அள்ளியது. ஒரு கிலோவைக் காய்ச்சி வற்றவைத்து மிஞ்சிய உப்பை நிறுத்ததில் 34 கிராமுக்குக் கிட்ட வந்தது. வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 உணரிகள், அவற்றை வாசிக்க ஆடுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை. இந்த உணரி அரைப் பாகை வரை பிழைவிடும். நாம் தேடுவதோ −1.8 என்ற உறைநிலை. ஆகவே எல்லா உணரியையும் நல்ல தண்ணீரில் உருகும் ஐஸ் தூளுக்குள் வைத்து, ஒவ்வொன்றும் பூச்சியத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்று குறித்து, அதைக் கழித்துக்கொண்டோம்.

முதல் தடை, தண்ணீர் குளிரவே மாட்டேன் என்றது. காரணம் உப்பு. நல்ல தண்ணீர் 4 பாகையில் ஆக அடர்த்தியாகும். அதற்குக் கீழே குளிர்ந்த நீர் மேலேயே நின்று மேற்பரப்பு சீக்கிரம் உறையும். கிலோவுக்கு 24.7 கிராமுக்கு மேல் உப்புள்ள நீர் அப்படி இல்லை. உறைநிலை வரைக்கும் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். மேலே குளிர்ந்தது கீழே இறங்க, கீழே உள்ளது மேலே வர, வாளி முழுவதும் −1.8க்கு வந்த பிறகுதான் முதல் பனித்துகள். 29 பாகையில் இருந்து அவ்வளவு தூரம் மேற்பரப்பால் மட்டும் குளிரவிட்டால் நாள்கணக்கில் இழுக்கும். அண்ணன்தான் வழி சொன்னார்: "மாஸ்டர், ஐஸோட உப்பைக் கலந்து அதுக்குள்ள கையை விட்டுப் பாருங்க, நெருப்புச் சுட்ட மாதிரி இருக்கும். தண்ணியை அதுக்குள்ள வைச்சு எடுங்க." நீரை அலுமினியச் சட்டிகளில் ஊற்றி, உப்புக் கலந்த ஐஸுக்குள் வைத்துப் பூச்சியத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, பிறகு வாளிக்கு மாற்றினோம்.

இரண்டாவது, அமுக்கம். உறையும்போது கனவளவு கூடும். மேலே பனி மூடிபோல இறுகிவிட்டால் கீழே இருக்கும் நீருக்குப் போக இடமில்லை, வாளி வெடிக்கும் அல்லது நீர் பனியை உடைத்துக்கொண்டு மேலே வழியும். சேலைன் குழாய் ஒன்றின் ஒரு முனையை வாளியின் அடிக்கு விட்டு, மறுமுனையை ஃபிரீசர் மூடியின் ரப்பருக்குள்ளால் வெளியே எடுத்து உயரத்தில் கட்டினோம். பனி வளர வளரக் குழாயில் நீர் ஏறுவது தெரியும். தடிப்பை அளக்க, நடுவில் சின்னத் துளை போட்டு, நுனியில் கொக்கி வளைத்த சைக்கிள் கம்பியை இறக்கி, பனியின் அடியில் தட்டும்வரை மேலே இழுப்போம். ஓரத்தில் அளக்கக்கூடாது. ரெஜிபோம் எவ்வளவு ஒட்டினாலும் சுவரோரம் மெல்லிய பனி வளையம் ஒன்று வரத்தான் செய்யும்.

ஒரு நாளுக்குச் சூத்திரம் சொன்னது 14 சென்ரிமீற்றர். கம்பி காட்டியது 3.

ஃபிரீசர் சரியாகக் குளிரவில்லை என்று பிள்ளைகள் சந்தேகப்பட்டார்கள். காற்றில் தொங்கிய உணரி −18ஐத்தான் காட்டியது. ஆனால் பனியின் மேற்பரப்பிலேயே உறைந்துபோய்க் கிடந்த உணரி காட்டியது −3க்கும் மேலே! விசயம் அங்கேதான். ஸ்டெபானின் சூத்திரம் பனியின் மேற்பரப்பும் காற்றும் ஒரே வெப்பநிலை என்று எடுத்துக்கொள்கிறது. அசையாத காற்றுக்கு அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகும் வலு இல்லை. காற்றின் வெப்ப மாற்றக் குணகம் சதுர மீற்றருக்குப் பாகைக்கு 7 வாற் என்று வைத்தால், பனிக்கு மேலே இன்னும் 31 சென்ரிமீற்றர் பனி இருப்பதற்குச் சமமான தடை அது. இந்தத் தடையையும் எக்செலில் சேர்த்ததும் ஒரு நாள் தடிப்பு 3 சென்ரிமீற்றராக இறங்கி வந்தது. அந்த 7 என்பதை அளவுக்குப் பொருந்தும்படி நாங்களே எடுத்ததுதான் என்பதால், இதை மட்டும் வைத்து வெற்றி என்று சொல்ல முடியாது. வேறொரு சோதனையிலும் அது நிற்கவேண்டும்.

அதற்காகப் பழைய கணினியின் சின்ன மின்விசிறி ஒன்றை ஃபிரீசருக்குள் பொருத்தினோம். குணகத்தை 20 என்று வைத்தால் கணக்கு 7 சென்ரிமீற்றருக்குக் கிட்ட எதிர்பார்த்தது. வளர்ச்சி இரட்டிப்பைத் தாண்டியது, எதிர்பார்த்ததற்குக் கொஞ்சம் குறைவு. இடையில் கரண்ட் போய் வந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம். அடுத்த முறை அதே விசிறி ஓட, முதல் பனிப்படை இறுகியதும், வாடியில் சீவி எடுத்த ஐஸ் தூளை 2 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்பிவிட்டோம். தூளுக்குள் இருப்பது பாதிக்கு மேல் காற்று. அதன் வெப்பக் கடத்தாறு 0.3 அளவில்தான், பனிக்கட்டியில் ஏழில் ஒரு பங்கு. 2 சென்ரிமீற்றர் தூள் 15 சென்ரிமீற்றர் பனிக்கட்டிக்குச் சமமான தடை. வளர்ச்சி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. கணக்கும் பாதி என்றுதான் சொல்லியிருந்தது. இந்த முறை எண்ணைப் பொருத்தியது நாங்கள் இல்லை. கடத்தாறு புத்தகத்தில் இருந்த எண்.

இப்போது லெபெதெவுக்குத் திரும்பலாம். அதே 2000 குளிர்நாட்களுக்கு, பனியின் மேல் அந்த ஐஸ் தூளைப்போன்ற வெண்பனி, அதாவது வானத்தில் இருந்து விழும் பனி, 10 சென்ரிமீற்றர் படிந்திருக்கிறது என்று ஸ்டெபானின் கணக்கைத் திருப்பிப் போட்டால் 157 என்பது 100 சென்ரிமீற்றராகக் குறைகிறது. சோவியத் நிலையங்களின் 109க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். காணாமல்போன அரை மீற்றரை மேலே கிடந்த ஒரு சாண் உயரம்கூட இல்லாத வெண்பனி தின்றிருக்கிறது.

பெரிய மாதிரியுருக்களுக்கும் வெண்பனிதான் தலையிடி. அவதானங்களுக்கும் அப்படியே. 2010 ஏப்ரலில் மேலே போன கிரையோசாட்-2 செயற்கைக்கோள் பனியின் தடிப்பை நேரடியாக அளப்பதில்லை. ராடார் கொண்டு, நீர்மட்டத்துக்கு மேலே பனி எவ்வளவு தூக்கலாக நிற்கிறது என்று அளக்கிறது. பனியின் பத்தில் ஒரு பங்குதான் மேலே நிற்கும், ஆகவே அளவில் ஒரு சென்ரிமீற்றர் பிசகினால் தடிப்பில் பத்துச் சென்ரிமீற்றர் பிசகும். அதோடு மேலே கிடக்கும் வெண்பனியின் பாரம் பனியைக் கீழே அமுக்கும். வெண்பனி எவ்வளவு என்று தெரியாமல் கணக்கை முடிக்கமுடியாது. அதற்கு நீண்ட காலம் கைகொடுத்தது, 1954 முதல் 1991 வரை சோவியத் ஆய்வாளர்கள் மிதக்கும் பனியின் மேல் முகாமிட்டு, கம்பு நட்டு அளந்த அளவுகளின் சராசரி. வான்வெளியில் இருந்து வரும் எண்ணுக்குள் ஒரு அளவுகோல் கம்பும் ஒளிந்திருக்கிறது. இது தெரிந்த பிறகு, "அவதானம் என்றால் உண்மை, மாதிரியுரு என்றால் கற்பனை" என்ற பேச்சு எங்கள் வகுப்பில் நின்றுவிட்டது.

சரி, "நிண்டுட்டுதா" என்ற கேள்வி. சூத்திரத்தை மீண்டும் பார்த்தால் மெல்லிய பனி வேகமாக வளரும், தடித்த பனி மெதுவாக வளரும். கோடையில் நிறைய உருகிவிட்டால், குளிர்காலத்தில் அந்த இடத்தில் பனி வேகமாகத் திரும்பிவரும். கோடையில் இதற்கு எதிரான ஒன்று நடக்கிறது. வெண்பனி மூடிய பனி வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும், திறந்த கடல் நூற்றுக்கு ஆறு பங்கைத்தான் அனுப்பும், மிச்சமெல்லாம் சூடாகும். இரண்டும் இழுபறி. ஹம்பர்க்கில் உள்ள மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2011இல் ஒரு மாதிரியுருவில் ஆர்க்டிக் பனி முழுவதையும் ஒரு கோடை தொடக்கத்தில் அழித்துவிட்டுப் பார்த்தார்கள். இரண்டொரு வருடத்தில், அந்தக் காலநிலைக்குரிய அளவுக்குப் பனி திரும்பி வந்தது. ஆகவே ஒரு மோசமான கோடையோடு எல்லாம் முடிந்துபோகாது, சில வருடங்கள் தேங்கி நிற்பதும் அதிசயம் இல்லை. ஆனால் "அந்தக் காலநிலைக்குரிய அளவு" என்பதே குறைந்துகொண்டு போகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகம் பயோமாஸ் (PIOMAS) என்ற மாதிரியுருவுக்குச் செயற்கைக்கோள் பனி அளவுகளை ஊட்டி ஆர்க்டிக் பனியின் கனவளவைத் தருகிறது. 1979 செப்டெம்பரில் ஏறத்தாழ 17 ஆயிரம் கன கிலோமீற்றர், 2012 செப்டெம்பரில் 4 ஆயிரத்துக்கும் கீழே. பரவல் பாதியாகியபோது கனவளவு காற்பங்காகிவிட்டது. பரவல் வரைபை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியாது.

தெற்கே கதை வேறு. அண்டார்டிக்காவில் 2014 செப்டெம்பரில் பரவல் 2 கோடி சதுர கிலோமீற்றரைத் தொட்டு உச்சம் காட்டியது. 2023இல் அதே பருவத்தின் உச்சம் 1 கோடியே 70 இலட்சத்தை எட்டவில்லை. ஸ்டெபானை வைத்து அதை விளக்க வெளிக்கிட்டால் கரைசேர முடியாது. அங்கே கடலும் காற்றும்தான் ஆட்டுவிக்கின்றன. எங்கள் வாளியில் இரண்டும் இல்லை.

செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. வாளிக்குப் பதிலாகக் கண்ணாடித் தொட்டி கிடைத்தால், சாப்பாட்டுக் கலரிங் கரைத்த உப்புநீரைப் பயன்படுத்துங்கள். பனி உப்பை வெளியே தள்ளும்போது அடியில் இருந்து நிறக்கோடுகள் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். நாங்கள் எடுத்த பனியை உருக்கி வற்றவைத்ததில் மிஞ்சிய உப்பு, கடல்நீரில் இருந்ததில் பாதிக்கும் குறைவு.

அடுத்ததாக, வாடைக்காற்றுக் காலத்தில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவில் விழும்போது, ஆற்று முகத்துக்குக் கிட்ட நீர் அள்ளிவர இருக்கிறோம். உப்பு 24.7 கிராமுக்குக் கீழே இருந்தால், வாளி முழுவதும் குளிரவேண்டிய தேவை இல்லாமல் மேற்பரப்பு முந்தி உறையவேண்டும். ஒப், யெனிசெய், லீனா ஆறுகள் வந்து விழும் சைபீரியக் கரையோரக் கடல்களில் நன்னீர் கலந்த மேல்படை சீக்கிரம் உறைவதும் இந்தக் கணக்கில்தான். உணரிகளை இந்த முறை ஐந்து ஆழத்தில் கட்டுவதாகத் திட்டம். மின்விசிறி வேண்டாம் என்று பிள்ளைகள், வேண்டும் என்று நான். அண்ணன் ஃபிரீசரைத் திருப்பிக் கேட்கிறார், அதுதான் இப்போதைக்குப் பெரிய சிக்கல்.